நாலாவது டிக்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது, மெக்கானிக் ஒரு ஸ்கூட்டரின் பின் சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டிருந்தான். ஹாரன் அடிக்கவில்லை என்று வந்த ஸ்கூட்டர் அது. ஹாரனை ஐந்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். யாரும் கேட்காத பிரேக்கைத்தான் அரை மணி நேரமாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து மாதமாக இதே கதை. பஞ்சர் என்று வந்தாலும் பிரேக், கண்ணாடி உடைந்துவிட்டது என்று வந்தாலும் பிரேக். தெருவில் 'பிரேக் டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "காத்தடிக்கத்தான்யா போனேன், ஆபரேஷன் பண்ணி அனுப்பிட்டான்" என்று ஒரு வாடிக்கையாளர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். கேட்டால் அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். இது என்ன கிறுக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

"அண்ணே, கையைத் துடைச்சுட்டு வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று பெயர். அந்தக் கை இப்போது ஒரு சோப்பு டப்பா அளவு அட்டைப்பெட்டியைத் திறக்க முடியாமல் திணறியது. உள்ளே ஒரு குட்டிக் கார். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதை ஓட்டுகிற ரிமோட், சின்னச் சின்ன டயர்கள், பாலித்தீன் உறையில் மிளகு அளவுப் பல்சக்கரங்கள், நாலாக மடித்த ஒரு தாள்.

"அவரோட பீரோவை இன்னைக்குத்தான் காலி பண்ணேன். அடித்தட்டுல கிடந்துச்சு. பெரிய மனுசன், ராத்திரி சாப்பாட்டு மேசையில வச்சு ஓட்டிக்கிட்டு இருப்பாரு. நான் திட்டுவேன்." தாளைப் பிரித்து அவனிடம் நீட்டினாள். "இதைப் பாரேன். பொம்மைக்கு என்ன திட்டமெல்லாம் போட்டிருக்காருன்னு."

மாப்பிள்ளையின் கையெழுத்து. மருந்துக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. எதையும் வரிசையாக எழுதி, முடிந்ததற்கு டிக் போடாவிட்டால் தூக்கம் வராது. தாளில் நாலு வரி இருந்தது. பின்னாடி பல் குறைக்கணும், டிக். வெயிட் குறைக்கணும், டிக். பின் டயர், டிக். நாலாவது வரியில் 'பிரேக் - திங்கள்' என்று மட்டும் இருந்தது. டிக் இல்லை.

"மூணு முடிச்சுட்டாரு. நாலாவதுதான் பாக்கி. நீ முடிச்சுக் குடு அண்ணே. அவர் தொட்டதெல்லாம் பாதியில நிக்குது. இது ஒண்ணாவது முழுசா முடியட்டும்." காரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்குக் காலைல நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, திங்கட்கிழமை இதை அவரே முடிச்சிருப்பாரு."

இந்தப் பேச்சு எங்கே வந்து முடியும் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒழுகுகிற குழாயைச் சரிபார்க்க ஆள் கூப்பிடவில்லை என்று ஒரு சண்டை. ஒன்றுமில்லாத சண்டை. மாப்பிள்ளை பைக் சாவியை எடுத்திருக்கிறார். இவள், "எங்கயாவது போய்த் தொலைங்க" என்றிருக்கிறாள். எல்லா வீட்டிலும் நாளைக்கு நாலு தடவை புழங்குகிற வார்த்தைதான். நாற்பது நிமிடம் கழித்து போன் வந்தது. முன்னால் போன லாரி நின்றிருக்கிறது, பைக் நிற்கவில்லை. கோபத்தில் கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. 'தொலைங்க' என்று தான் சொன்னதை அவள் அண்ணனிடம் மட்டும்தான் சொன்னாள். "அதெல்லாம் இல்லம்மா" என்றான் அவன். அது உண்மை. அதற்கு மேல் சொல்ல வேண்டியது இருந்தது. அதைத்தான் இந்தப் பத்து மாதமும் முழுங்கிக்கொண்டிருந்தான்.

"வச்சுட்டுப் போ. பாக்குறேன்" என்றான்.

அவள் போனதும், பக்கத்துக் கடிகாரக் கடையில் ஒரு பூதக்கண்ணாடியும் ஊசி மாதிரியான திருப்புளியும் இரவல் வாங்கிவந்து காரைத் திருப்பிப் போட்டான். ஸ்க்ரூ தலையில் கம்பெனியில் பூசிய பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மேல் கூட்டைக் கழற்றினான். பின் அச்சில் வாங்கும்போது வந்த பல்சக்கரம். இருக்கை, ஸ்டியரிங் என்று ஒப்புக்குச் செய்த பிளாஸ்டிக் எல்லாம் அப்படியே இருந்தன. டயரும் காரோடு வந்ததுதான். இந்தக் காரை யாரும் திறந்ததே இல்லை.

தாளை மறுபடி எடுத்துப் பார்த்தான். முதல் தடவை படித்தபோதே தெரிந்ததுதான். அவன்தான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான். அது காருக்கு எழுதிய பட்டியல் இல்லை. பைக்குக்கு எழுதியது.

கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள் லீவு நாளில் கூட்டமாகப் பைக்கில் போவார்கள். மாப்பிள்ளையின் பழைய வண்டி எப்போதும் கடைசியில் வரும். "மச்சான், ஒரே ஒரு தடவை அவனுங்களை முந்திக் காட்டணும், ஏதாவது பண்ணுங்க" என்று வந்து நின்றார். தங்கைக்குத் தெரிய வேண்டாம், சர்வீஸ் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரி கூடிப் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை இந்தத் தாளைப் பொம்மைப் பெட்டியில் ஒளித்து வைத்ததும் அதனால்தான். வேகம் கூடுவதற்காகப் பின் சக்கரத்தில் பல் குறைந்த பல்சக்கரத்தைப் போட்டான். கேரியர், பக்கப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்தான். புது டயர் மாட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது வண்டி அம்பாகப் பறந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், கையால் தொட்டும் பார்த்தான். கடையில் அந்த அளவு ஷூ இல்லை. "பிரேக்கைத் திங்கட்கிழமை போட்டுக்கலாம் மாப்பிள்ளை, வண்டி இங்கயே இருக்கட்டும்" என்று ஒரு தடவை சொன்னான். "ரெண்டு நாள்தானே மச்சான், மெதுவா ஓட்டுறேன்" என்றார். இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். வேகத்தைக் கொடுத்து, நிறுத்துவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு, சாவியையும் அவனே எடுத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை வாங்கி வந்த பிரேக் ஷூ இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது. உறை பிரிக்கவில்லை. டிராயரை இழுக்கிற போதெல்லாம் அது முன்னால் நகர்ந்து வந்து டக்கென்று இடிக்கும். பின்னால் தள்ளி வைப்பான், மேலே கந்தல் துணியைப் போட்டு அமுக்கி வைப்பான். அடுத்த தடவை மறுபடி முன்னால் வந்து நிற்கும். தூக்கிப் போடக் கை வரவில்லை. அந்த மாடல் பைக் தெருவில் எங்கே போனாலும் அவன் காது தானாக அதன் பின்னாலேயே ஓடும். முனை திரும்பி அந்தச் சத்தம் குறைகிற வரைக்கும், கையில் இருக்கிற ஸ்பானர் நகராது.

இப்போது அவன் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் செய்தது வேறு. அந்த மூன்று டிக்கையும் உண்மையாக்க உட்கார்ந்தான்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டை மறந்து அந்தக் காரோடு கிடந்தான். உறையில் இருந்த பல்சக்கரங்களில் பல் குறைந்ததைத் தேடி எடுத்து, கிடுக்கியால் பின் அச்சில் ஏற்றினான். இருக்கையையும் ஸ்டியரிங்கையும் பிளேடால் வழித்து எடுத்தான். கூட்டின் உள்பக்கத்தை வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சுரண்டினான். மிருதுவான டயரை மாட்டி, அதன் விளிம்பை உப்புத்தாளில் உருட்டி உருட்டிச் சமப்படுத்தினான். மாத்திரை அளவு மோட்டார், நூல் மாதிரிக் கம்பி. மூச்சு விட்டால் ஸ்க்ரூ பறக்கிறது. இரண்டாம் நாள் தன்னை அறியாமல் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். கடைசியாகச் சீட்டியடித்தது அந்தப் பைக்கைச் செய்தபோதுதான் என்பது ஞாபகம் வந்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று வேலையும் முடித்துத் தரையில் விட்டான். கார் சீறிக்கொண்டு போனது. ரிமோட்டிலிருந்து விரலை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. போன வேகத்திலேயே போய் டூல்பாக்ஸில் மோதிக் குப்புற விழுந்தது. சக்கரங்கள் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இந்த அளவுக் காருக்கு பிரேக் என்று ஒன்று கிடையாது. தங்கையிடம் அப்படிச் சொன்னால் நம்பிவிடுவாள். ஆனால் அவனால் முடியவில்லை. எதிர்க்கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவனிடம் எடுத்துக்கொண்டு போனான்.

"பொம்மைக்கு பிரேக்கா? டாக்டரே, உனக்கு முத்திடுச்சு."

"முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

ரிப்பேர்க்காரன் கொஞ்ச நேரம் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலை எடுத்ததும் மோட்டாரின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிற மாதிரி செய்துவிட்டால் போதும், மோட்டாரே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் என்றான். செத்துப்போன ஒரு போனிலிருந்து எள் அளவு எதையோ பிடுங்கி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, விரலை எடுத்த இடத்தில் கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஐம்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பான். அவ்வளவு சின்ன வேலை. ஒரு மதியம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, ஏதோ எடுக்க டிராயரை இழுத்தான். உறை முன்னால் வந்து டக்கென்று இடித்தது. என்ன எடுக்க வந்தோம் என்பது மறந்துவிட்டது. உறையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை துடைத்து வைத்திருந்தது. குழாய் இப்போது ஒழுகவில்லை. அவள் ரிமோட்டை வாங்கிக் காரை ஒரு முனையில் வைத்து, நரம்பைத் தேடுகிற அதே நிதானத்தோடு கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கார் மேசையின் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தாண்டியது. "ஐயோ, விழப்போகுது!" என்று அலறி விரலை எடுத்தாள். முன் சக்கரம் விளிம்பைத் தொட்ட இடத்தில் கார் நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பத்து மாதமாகக் கேட்கவில்லை. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது.

"பாத்தியா, எவ்வளவு வேகம்! இதை மட்டும் அவர் பாத்திருக்கணும்." தாளை மேசையில் விரித்து வைத்து, பேனா மூடியைத் திறந்தாள். "முடிஞ்சுது. நான் அவரைப் போகச் சொன்னதுக்கு, இதையாவது முடிச்சு வச்சேன்னு இருக்கட்டும்."

"அதுல டிக் போடாதம்மா."

"ஏன்? அதான் நிக்குதே."

"அந்த லிஸ்ட் இந்தக் காருக்கு எழுதினது இல்ல."

"மூணு டிக் போட்டிருக்கே அண்ணே."

"அந்த மூணையும் இதுல அவர் செய்யல. நான்தான் இந்த வாரம் செஞ்சேன். அவர் டிக் போட்டது பைக்குக்கு. பைக்ல அந்த மூணையும் நான் செஞ்சு குடுத்தேன். வேகமா போறதுக்கு." சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "நாலாவது மட்டும் செய்யல. தேஞ்சிருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் சாவியைக் குடுத்தேன். நீ சொன்ன வார்த்தையால ஒண்ணும் ஆகல."

எந்தப் பொருள் வாங்கினாலும் அது யார் வண்டிக்கு, என்றைக்கு மாட்ட வேண்டும் என்று உறையின் மேல் எழுதிவைப்பது அவன் ஒர்க்‌ஷாப் பழக்கம். தங்கை உறையைத் திருப்பினாள். கிரீஸ் கறைக்கு அடியில் அவன் கையெழுத்து. 'மாப்பிள்ளை - திங்கள்.' அவள் அதை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையெழுத்து, ஒரே கிழமை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவருக்கும்தான்."

"பத்து மாசம்" என்றாள். அதை அவனிடம் சொன்ன மாதிரி இல்லை. "வாரா வாரம் வந்து, நான் அழுததை இந்த நாற்காலியில உக்காந்து பாத்துட்டுப் போயிருக்க."

அழுவாள், கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். எது வந்திருந்தாலும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான். அவள் பேனாவை மூடி வைத்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. ரிமோட்டைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். விளிம்பில் நின்றிருந்த கார் பின்னால் ஒரு சாண் வந்தது. விரலை எடுத்தாள், நின்றது. முன்னால் ஒரு சாண் விட்டாள், விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். தாளும் உறையும் கிடந்த இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் அந்தக் குட்டிக் கார் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நின்றது.