எங்கள் ஊர்ச் சரி

மக்காசார் விமானத்துக்கு இன்னும் ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. அதில் எனக்கும் ஜன்னலோரமாக ஓர் இருக்கை போட்டிருந்தார் தியுர்மா அக்கா.

நான் கேட்கவில்லை. சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில், பயணிகள் விமானத்துக்குள் நடந்துபோகும் ஏரோபிரிட்ஜின் நிழலில் நின்றுகொண்டு அவர்தான் கேட்டார். "அடுத்த வேலை மக்காசார்ல. ரெண்டு வருஷம். என்கூட வர்றியா?" நான் தலையைக் குனிந்து, "இங்கிஹ்" என்றேன்.

ஜாவா மொழியில் அதற்குச் சரி என்று பொருள். மரியாதையான சரி. ஆனால் எங்கள் ஊரான கிளாதெனில் அதை இரண்டு விதமாகச் சொல்வோம். நிமிர்ந்து சட்டென்று சொன்னால் சரி. குனிந்து, குரலை இறக்கி, கடைசியில் கொஞ்சம் இழுத்தால், நீங்கள் கேட்டதே பெரிது, ஆனால் முடியாது. இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்கத் தேவை வந்ததில்லை.

தியுர்மா அக்கா சுமத்ராவில் மேடான் பக்கத்துப் பாதாக் இனப் பெண். அவர் ஊரில் சரி என்றால் சரி. முடியாது என்றால் மேசையில் ஓர் அடி விழும். அன்று சாயங்காலமே மக்காசாரில் இரண்டு அறை வீடு பார்க்கச் சொல்லிவிட்டார். மறுவாரம் எனக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. கறுப்புப் பெட்டி வாங்கினால் நான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, அது என்னுடையதுதான் என்று சொல்லக் கூச்சப்பட்டு, யாரோ எடுத்துப் போக விட்டுவிடுவேனாம்.

என் அம்மாவுக்கும் போன் செய்திருந்தார். "உங்க பொண்ணை நான் பாத்துக்கறேன், கவலப்படாதீங்கன்னேன். உங்க அம்மாவும் அழகா 'இங்கிஹ்'னுட்டாங்க!"

அம்மா எந்த இங்கிஹ் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவரிடம் நான் சொல்ல வேண்டியவை இரண்டு இருந்தன. ஒன்று, வரவில்லை என்பது. இன்னொன்று அதைவிடக் கஷ்டம். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வேலை பலகைகள் பொருத்திச் சோதிப்பது. விமானம் வந்து நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே, முனையத்தின் சுவரில் ஒரு கறுப்புப் பலகை. உள்ளே வருகிற விமானத்தை அதன் லேசர் கண் அளக்கும். விமானி தன் இருக்கையிலிருந்தே படிக்கலாம்: எந்த வகை விமானம், இடதா வலதா, இன்னும் எத்தனை மீட்டர். கடைசியில் 'ஸ்டாப்'. பௌதிகம் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தப் பலகையைப் பார்த்த முதல் நாளே பிடித்துவிட்டது. அது மன்னிப்புக் கேட்பதில்லை. முன்னுரை சொல்வதில்லை. நில் என்றால் நில்.

முனையம் முழுவதும் அப்போது பிரித்துப் போட்டிருந்தார்கள். கூரையிலிருந்து வயர்கள் தொங்கின. காலையில் இருந்த வழி மதியம் மரத்தடுப்பால் அடைபட்டிருக்கும். தொழுகை அறை மூன்று முறை இடம் மாறிவிட்டது. இப்போது எங்கே என்று உள்ளூர் ஆட்களுக்கே தெரியவில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற தியுர்மா அக்காவுக்குத் தெரியும். "நேரா போ, பெயின்ட் டப்பாகிட்ட திரும்பு, ஓடு ஓடு, நேரமாச்சு!" என்று பயணிகளை விரட்டுவார்.

ஆரம்பத்தில் ஒருநாள், விமானம் உள்ளே திரும்பும் நேரத்தில் சாமான் வண்டி ஒன்று மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தது. நான் அதன் ஓட்டுநரைப் பார்த்து வலது கையை நீட்டி, "மன்னிக்கணும்ங்க, கொஞ்சம்…" என்று தொடங்கினேன். என் பின்னாலிருந்து தியுர்மா அக்கா, "நிறுத்துடா!" என்று ஒரு சத்தம் போட்டார். சாமான் வண்டி நின்றது. இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்க்கொண்டிருந்த எண்ணெய் வண்டியும் நின்றது.

"கொஞ்சமாம்! கொஞ்சம் என்னடி? கொஞ்சம் இடிச்சுக்கோன்னா?"

அதற்குப் பிறகு எனக்காக அவரே கத்தினார். கான்ட்ராக்டரிடம், காவலாளியிடம், என் அறை வீட்டுக்காரரிடம்கூட. அவர் பக்கத்தில் இருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அது சுகமாக இருந்தது. எவ்வளவு சுகம் என்று ஒருநாள் கவனித்தபோது எனக்குப் பயம் வந்தது.

மக்காசார் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் தற்காலிகக் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தோம். எங்களோடு எங்குஸ் அண்ணனும் இருந்தார். கைவிளக்குகளோடு விமானத்துக்கு முன்னால் நின்று சைகை காட்டுபவர். பலகைகளின் சோதனை முடியும்வரை, எதற்கும் இருக்கட்டும் என்று அவரை எங்களோடு நிறுத்தியிருந்தார்கள். மேற்கு ஜாவாவின் சுந்தா ஆள். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குப் புரியும்.

தியுர்மா அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் குழம்பை என் தட்டில் ஊற்றினார். நாக்கு மரத்துப்போகும் காரம்.

"சாப்பிடு. உங்க ஊர்ல குழம்புலயும் சர்க்கரை, பேச்சுலயும் சர்க்கரை. மக்காசார்ல ரெண்டே மாசம், உன்ன மனுஷி ஆக்கிடறேன்."

"மக்காசார்ல மீன் நல்லா இருக்குமாம், நெங்" என்றார் எங்குஸ் அண்ணன் என்னிடம். அவர் ஊரில் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "போனாத்தான் சாப்பிட முடியும்."

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகாம? டிக்கெட் போட்டாச்சு" என்றார் அக்கா. "நம்ம வேலை நாளைக்கு முடியுது. கிழக்குப் பக்கத்துல கடைசி நிறுத்தம். மேற்குப் பக்கம் பதினோரு நிறுத்தம் பாக்கி. அது எவன் தலையில விழப்போகுதோ, பாவி. அங்க கூரையே இன்னும் போடல. அந்த சஸ்மிதோ யாரைப் புடிச்சு மாட்டிவிடப் போறாரோ."

சஸ்மிதோ ஐயா இந்தத் திட்டத்தின் தலைவர். மேல்மாடியில் உட்கார்ந்திருப்பார். நான் தண்ணீர் குடித்தேன்.

அக்கா இன்னும் கொஞ்சம் சோறு வாங்க எழுந்துபோனதும் எங்குஸ் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"நெங், நீ சொன்னது அந்த இங்கிஹ் இல்லதான?"

நான் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"சீக்கிரம் சொல்லிடு. நானும் இப்படித்தான், பொண்ணு பாக்கப் போன இடத்துல இழுத்து ஒரு சரி சொன்னேன். மாமனாருக்குப் புரியல. இப்ப நாலு பிள்ளைங்க."

"வருத்தமாண்ணே?"

"சேச்சே. நல்ல பொம்பள. ஆனா எல்லாருக்கும் அப்படி அமையுமா?"

அன்று மாலை சொல்லிவிட நினைத்தேன். அக்கா தன் அறையில் தரையில் உட்கார்ந்து எனக்காக மிளகாய்ப் பொடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "அங்க கிடைக்குமோ என்னமோ." நான் உட்கார்ந்து நூல் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கிழக்குப் பக்கத்தின் கடைசி நிறுத்தம். முற்பகலில் பாடாங்கிலிருந்து வரும் விமானத்தோடு சோதனை. ஏரோபிரிட்ஜின் கீழே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியருகே நான் நின்றேன். அதில் விமான வகையைத் தேர்ந்தெடுக்கும் திரை ஒன்று, அதன் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். ஏதாவது தவறாகப் போனால் பொத்தானை அழுத்த வேண்டும். பலகை உடனே 'ஸ்டாப்' காட்டும். எதிரே வெயிலில் எங்குஸ் அண்ணன், கைவிளக்குகளைக் கீழே தொங்கவிட்டபடி. எனக்குச் சற்றுப் பின்னால் தியுர்மா அக்கா போனில் இருந்தார்.

"ரெண்டு அறைக்கும் தண்ணி வரணும். ரெண்டு அறைக்கும்! அந்தப் பொண்ணு தண்ணி வரலைன்னாலும் வாயத் திறந்து சொல்லாது, குளிக்காமயே இருந்துடும்!"

விமானம் பாதையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பியது. திரும்பும்போது அதன் முழு உடலும் ஒரு கணம் பக்கவாட்டில் தெரிந்தது. வரவேண்டியது குட்டை வகை. இதில் இறக்கையை ஒட்டி முன்னும் பின்னும் கூடுதலாகப் பெரிய கதவுகள் இருந்தன. நெடிய வகை. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, மூக்கு ஒன்றுதான். நேர் எதிரே நின்று பார்க்கும் லேசர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நெடியதை நாலு மீட்டர் அதிகம் உள்ளே இழுத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வால் பின்னால் போகிற பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

திரையில் வகையை மாற்றினேன். பலகை புதிய எண்ணைக் காட்டியது. எங்குஸ் அண்ணன் பார்த்துவிட்டு எனக்கு ஒரு விளக்கை லேசாகத் தூக்கிக் காட்டினார். அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். அவர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் நெருங்கிவிட்டது.

அவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முன் சக்கரம் குட்டை விமானத்தின் நிறுத்தக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வேகம் குறையவில்லை. கோட்டின் மேல் ஏறியது. தாண்டியது.

"தாண்டுது! வெனிங், அழுத்து! அழுத்துடீ!"

தளத்தில் அந்தக் குரலுக்கு நிற்காத எதையும் நான் பார்த்ததில்லை. நான் குனிந்து, "இங்கிஹ்" என்றேன். சிவப்புப் பொத்தானின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டேன், யாரும் அழுத்த முடியாதபடி.

அக்கா பாய்ந்து வந்தார். அவர் கை என் புறங்கையின் மேல் அறைந்து விழுந்தது. நான் எடுக்கவில்லை. விமானம் மெல்ல வந்து அடுத்த கோட்டில் நின்றது. பலகையில் 'ஸ்டாப்', பிறகு 'ஓகே'. எஞ்சின்கள் அணைந்தன.

கொஞ்ச நேரம் அவர் கை என் கையின் மேலேயே இருந்தது. மூச்சு வாங்கினார். தரையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், விமானத்தின் கதவுகளை விரலால் எண்ணினார்.

"நெட்டை."

"ஆமாக்கா. மாத்தி அனுப்பியிருக்காங்க. நீங்க போன்ல இருந்தீங்க."

"சரியாத்தான் பண்ணியிருக்க." கையை எடுத்து என் புறங்கையைத் தேய்த்துவிட்டார். சிவந்திருந்தது. "நல்லா அடிச்சுட்டேனா?"

"இல்லக்கா."

திடீரென்று தேய்ப்பதை நிறுத்தினார்.

"இரு. நான் அழுத்துன்னேன். நீ சரின்ன."

"ம்."

"ஆனா அழுத்தல."

எங்கள் தலைக்கு மேல் பிரிட்ஜில் பயணிகள் நடக்கும் சத்தமும் பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தமும் கேட்டன. எங்குஸ் அண்ணன் எங்களை நோக்கி வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "நான் சக்கரக் கட்டை சரியா இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்" என்று திரும்பிப் போனார். கட்டையை அவர் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார்.

"அப்ப சரியில ரெண்டு சரி இருக்கா?" என்றார் அக்கா.

"இருக்குக்கா."

"மக்காசாருக்கு நீ சொன்னது?"

"இந்தச் சரிதான்."

"உங்க அம்மா சொன்னது?"

"அதுவும்."

அவர் அங்கிருந்த கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டையை இழுத்து இழுத்து விட்டார். அவர் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு அறைக்கும் தண்ணி வருதான்னு ஊரு சிரிக்கக் கத்திட்டேனே. ஏன்டி? அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காங்க."

"பையனா?"

"ஐயோ, இல்லக்கா."

"என் சத்தமா? நெஜத்த சொல்லு. என் புருஷனே காதுல பஞ்சு வெச்சுக்கறாரு."

"உங்க சத்தம் எனக்குப் பிடிக்கும்."

அது உண்மை. அவருக்கும் அது தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா, தெரியவில்லை. பிறகு சட்டென்று எழுந்தார். தலைக்கவசம் மறுபடி தலைக்குப் போனது.

"புரிஞ்சுது. சஸ்மிதோ! அந்த ஆளு வேலைதான இது? மேற்குப் பக்கத்துக்கு ஆள் கிடைக்கல, வாயில்லாப் பூச்சியா ஒண்ணு கிடைச்சுது, புடிச்சுப் போட்டுட்டாரு. நீயும் குனிஞ்சு ஒரு இங்கிஹ் சொல்லிட்டு வந்திருப்ப. நான் போய்க் கேக்கறேன். இப்பவே கேக்கறேன். கூரையில்லாத இடத்துல பதினோரு நிறுத்தத்த ஒரு சின்னப் பொண்ணு தலையில கட்டுவாரா?"

மேல்மாடிப் படிக்கட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். அவர் நடந்தால் வேகம். படிக்கட்டுவரை போய்விட்டால் அப்புறம் அந்தக் குரல் மாடி முழுக்கக் கேட்கும்.

நான் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றேன். என் குரல் எனக்கே தெரியாத அளவுக்குப் பெரிதாக வந்தது. அப்பால் எங்குஸ் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"நில்லுங்கக்கா!"

நின்றார்.

"அவர் கேக்கல. போன வாரம் நானே மாடி ஏறிப்போய் அவர்கிட்ட கேட்டேன். அந்தப் பதினோரு நிறுத்தத்தையும் எனக்குக் குடுங்கன்னு கேட்டேன்."