அரக்கும் செங்கலும்

வாளியைத் தட்டிவிட்டது நான்தான். வேறு யார்மீதாவது பழி போட முடியுமா என்று அந்தக் கணத்திலேயே சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீர்க் குப்பியை முந்தானைக்குள் ஒளித்து எடுத்துவரும் ஒரு பெண்மணி எப்படி நடப்பார் என்று நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். நடை நன்றாகவே வந்தது. முந்தானையாக நினைத்து வீசிய துண்டுதான் பெஞ்சின் மேலிருந்த வாளியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் முழுவதும் குப்பிகள் அடுக்கியிருந்த தட்டில் கொட்டியது. முகாம் நடந்த கொசப்பாளையம் பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், தட்டில் இரண்டு பெயர்ச் சீட்டுகள் மிதப்பதைப் பார்க்கும் வரை.

மற்ற குப்பிகளின் சீட்டுகள் கோந்தில் ஒட்டியவை, தாக்குப்பிடித்தன. முதல் இரண்டை ஒட்டும்போது ஜீப்பிலிருந்து கோந்து பாட்டில் இறங்கியிருக்கவில்லை. என் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து சோற்றுப் பருக்கை எடுத்து ஒட்டியிருந்தேன். ஒரு சீட்டில் சுப்பராயலு என்று இருந்தது. இன்னொன்றில் தாவீது. அது நான்.

சுகாதார உதவியாளனின் குப்பி அங்கே எப்படி வந்தது என்றால், காலையில் யாருமே கொடுக்க முன்வரவில்லை. சர்க்காருக்கு நம்முடைய ஒண்ணுக்கு எதற்கு என்று தறிக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். நாள்பட்ட நோய்களைத் தடுக்க ஓராண்டுக்கு ஒதுக்கிய நிதியில் நடந்த முகாம் அது. எண்பத்து மூன்றாம் வருஷத்து மார்ச் மாதம், நிதியும் வருஷமும் ஒன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. வந்தவாசி, தெள்ளார், தேசூர் முடித்து ஆரணிக்கு வந்திருந்தோம். ஆள் சேராமல் திரும்பினால், ஜனங்களுக்கு இது தேவையில்லை என்று மேலே எழுதிவிடுவார்கள். "போணி நானே பண்றேன்" என்று குப்பியோடு பின்பக்கம் போனேன். எதிலும் இரண்டாவதாக நிற்கப் பிடிக்காத சாயப்பட்டறைக்காரர் சுப்பராயலு உடனே கையை நீட்டினார்.

"கலர் மாறுற சமாச்சாரமாமே சாரே. நான் இல்லாம ஆரணியில எவன் கலர் மாத்தறது?"

சமாச்சாரம் அதுதான். குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறினால் சர்க்கரை இருக்கிறது. செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் நிறையவே இருக்கிறது. பெயரிழந்த இரண்டு குப்பிகளையும் சோதித்தேன். ஒன்று நீலம். ஒன்று செங்கல்.

டாக்டர் அபிதகுசாம்பாள் எட்டிப் பார்த்தார். "எது யாருது தாவீது?"

"ஒண்ணு என்னுது, ஒண்ணு அவருதுங்கம்மா."

"அது எனக்கும் தெரியுது."

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு இன்னொரு வேடிக்கை தோன்றும். தோன்றவில்லை. அப்பாவின் கால் தோன்றியது. அப்பா சாலமோன், தெள்ளாரில் வாத்தியார். நெருஞ்சி முள் குத்தியது கூடத் தெரியாமல் பாடம் நடத்தியவர். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். "பஸ்ல இனிமே அரை டிக்கெட் கேக்கலாம்பா" என்று கட்டிலருகே நின்று சொன்னவன் நான். அவர் சிரிக்கவும் செய்தார். அடுத்த மாதம் மண் போட்டோம். எனக்கும் கொஞ்ச நாளாக இடது குதிகாலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. செருப்பைக் குறை சொல்லி மூன்று ஜோடி மாற்றியிருந்தேன். மனைவி ரோஸியிடம் கூடச் சொல்லவில்லை.

"அம்மா, இது வந்தவங்களுக்கு ஏப்ரலுக்கு அப்புறம் மாத்திர உண்டுங்களா?"

"கேட்டு எழுதியிருக்கோம்."

"நீல மருந்து?"

"பாக்கலாம் தாவீது."

சர்க்கரை பணக்கார வியாதி, நெசவாளிக்கு எதற்கு என்று மேலே ஒருவர் கேட்டதாக அவரே ஒருமுறை ஜீப்பில் சொல்லியிருக்கிறார். கண்டுபிடிப்பதற்கு நிதி இருந்தது. கண்டுபிடித்த பிறகு அந்த ஆளை என்ன செய்வது என்பதுதான் அடுத்த வருஷத்துக் கணக்கில் போய் நின்றது. இத்தனை நாள் அதை மற்றவர்களுக்காக நினைத்து வருத்தப்பட்டிருந்தேன். எனக்காக நினைத்தபோது வருத்தத்துக்கு நேரமில்லை, இன்னும் எத்தனை சோதனைக்கு வரும் என்று மருந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன்.

மத்தியானம் சுப்பராயலு வந்தார். குழாய்கள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முழங்கை வரை வாடாமல்லிச் சாயம். நிறம் விஷயத்தில் அவர் வாயிலிருந்து நேரான வார்த்தை வந்து ஆரணியில் யாரும் கேட்டதில்லை. திட்டுத்திட்டாகப் போன பச்சையை 'மழைக்கால மயில்கழுத்து' என்பார். வெளுத்துப்போன சிவப்பை 'ரோஜா ஓட்டம்' என்று சொல்லிக் கல்யாண வீட்டுக்கே விற்றவர்.

"அடேங்கப்பா, அரக்கு! இன்னா சுத்தமா நின்னுகினு கீது பாருங்க. இது என்னுதுதான் சாரே. அந்த நீலம் ஒங்களுது. சாயமே ஏறாத ஒடம்பு ஒங்களுக்கு."

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அரக்கு முகூர்த்த நிறம், நீலத்தை யார் கேட்பார்கள்? எனக்கும் அரக்குதானா என்று ஓர் அம்மாள் ஆசையோடு கேட்டார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சுப்பராயலுவே அதை எடுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து அவர் பெயருக்கு நேரே எழுதினால் போதும், நான் நீலம். ராத்திரி ரோஸி செய்யும் கேசரியை நிம்மதியாகச் சாப்பிடலாம். பேனாவைத் திறந்தும்விட்டேன். அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு என் எதிரே நின்றார், பரிசு வாங்க வந்த பையன் மாதிரி.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க."

ஆறாம் வகுப்பு அறையில் வைத்துச் சொன்னேன். இது புடவை இல்லை. அந்த நிறத்துக்கு எங்கள் பேச்சில் செங்கல் என்று பெயர். வந்தால் என்ன ஆகும் என்று அப்பாவின் காலைப் பற்றியும் சொன்னேன். சுப்பராயலு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளாட்டா பேசாதீங்க சாரே. நீங்க எப்பவும் வெளாட்டாவே பேசுவீங்க."

"இப்ப இல்லண்ணே."

"பட்டறையில நாள் பூரா வெந்நித் தொட்டியோரம் வெறுங்காலோட நிக்கறவன் நான்." சாயக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப யாருது அது?"

நீல மருந்து ஒரு சோதனைக்குத்தான் மிச்சமிருந்தது. ஒருவர் பார்த்தால் போதும், இரண்டு பேருக்கும் பதில்.

"நீங்க குடுங்கண்ணே, வயசுல பெரியவங்க."

"சேச்சே, படிச்சவங்க நீங்க இருக்கசொல்ல..."

பஸ்ஸில் ஓர் இடத்துக்கு இரண்டு மரியாதைக்காரர்கள் மாட்டிக்கொண்ட மாதிரி கொஞ்ச நேரம் விட்டுக்கொடுத்தோம். வெளியே ஜீப்பில் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா ஹாரன் அடிக்கச் சொன்னார். நான் ஒரு காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். இந்த முறை நடந்து காட்டவில்லை.

விளக்கைப் பற்றவைத்தேன். மருந்தை ஊற்றியபோது கொஞ்சம் மேஜையில் சிந்தியது. சுப்பராயலு இடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொதிக்கிறதோடு பழகிய கை, ஆடவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தேசப்படம் மாட்டியிருந்தது. ஓரத்துக் கடலில் கொட்டிக் கிடந்த தீவுப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒருவன் இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பானோ? அவனுடைய நிதி எந்த மாதம் தீருகிறதோ?

குழாய் முணுமுணுத்துக் கொதித்தது. பிறகு விளக்கை ஊதும் சத்தம்.

"இன்னா கலர்ண்ணே?"

மயில்கழுத்து என்று ஏதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொன்னால் நம்பவும் தயாராக இருந்தேன்.

"அண்ணே?"

அவர் எழுந்து ஜன்னலோரம் போகும் காலடி கேட்டது. பட்டு நூல் சிட்டத்தைப் பார்ப்பதுபோல் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருப்பார். அவர் நிழல் சுவரில் ஏறி, தேசப்படத்தின் கடல் முழுவதையும் மூடியது. கை மட்டும் உயர்ந்தபடியே, இறங்காமல் நின்றது.

"செங்கல், சாரே" என்றார்.