முத்தம்மாவுக்குத் தெரிந்த ஜெபம்

முத்தம்மா எச்சில் சட்டியைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் புருஷன் தாவீது பாடிக்கொண்டிருந்தான். பாட்டென்று சொல்வதற்கில்லை, மூச்சுக்கு நடுவே அகப்பட்ட சொற்கள்.

"சும்மா கெடயேன்யா. இருக்கிற மூச்சும் பூடப் போவுது."

கல் உடைக்கும் மிஷினில் வருஷக்கணக்காகத் தின்ற தூசி அவன் மார்பை அடைத்திருந்தது. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் சிரித்தான். எழுபத்துமூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரே மகள் எஸ்தர் காய்ச்சலில் போனபோதும், குழிமேட்டில் நின்று கண்ணீர் வழிய வழியப் பாடினான். அதன்பிறகு முத்தம்மா கோயில் படி ஏறவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஒருவனால் எப்படிச் சந்தோஷமாக இருக்க முடியும்? அந்தக் கேள்வியோடுதான் அவனுக்குச் சோறு போட்டாள்.

மத்தியானம் பாட்டு நின்றது. தாவீது அவள் கையைத் துழாவிப் பிடித்தான்.

"முத்து, பயமா கீது."

அவன் வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதேயில்லை.

"உபதேசியாரை இட்டுக்கினு வரட்டா?"

"வாணாம். நீயே ஜெபம் பண்ணு."

"எனுக்கு இன்னாயா தெரியும்?"

அவன் கையை விடவில்லை. கஞ்சிக்கு முன்னால் அவன் தினமும் முணுமுணுப்பது ஒன்றுதான் அவள் காதில் தங்கியிருந்தது. கண்ணை மூடாமல், கோபத்தோடு சொன்னாள்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இல்லாதவங்களுக்கும் கொடும்..."

தாவீது சிரித்தான். கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சோத்து ஜெபம்! போதும் முத்து. நல்லா கீது."

எஸ்தர் போனபிறகு முதல்முறையாக அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவன் மூச்சு அடங்கியது தெரியாமல் கொஞ்ச நேரம் அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கோயில் உபதேசியார் வந்து முகத்தைப் பார்த்தார். "பயமே தெரியாத மனுஷன்மா. சந்தோஷமா பூட்டாரு."

முத்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ஆமாங்க ஐயா, சிரிச்சிக்கினேதான் பூட்டாரு" என்றாள்.

மறுநாள் ரயில்வே கேட்டில் சவப்பெட்டி நின்றது. கூட்ஸ் வண்டியின் சத்தத்தில் பாட்டு அமுங்கிப்போயிற்று. தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். வண்டி கடந்தபின், பாட்டை எந்த அடியில் விட்டோம் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட் மெதுவாக மேலே போனது. முத்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பெட்டிக்குப் பின்னால் தண்டவாளத்தைத் தாண்டினாள்.