மண்டபத்தை ஒட்டிய அறை

லாட்ஜில் அறை எடுத்தபோது பக்கத்துக் கட்டடம் கல்யாண மண்டபம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வேறு வழி இல்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகன் எதிர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். எனக்கு மட்டும் டிஸ்சார்ஜ் கொடுத்து, பால் எடுத்து வந்து தர வசதியாகப் பக்கத்திலேயே தங்கச் சொன்னார்கள். தஞ்சாவூரில் தை மாதத்தில் கிடைத்த அறை இது ஒன்றுதான்.

தை என்றால் தினம் ஒரு முகூர்த்தம். முதல்நாள் ராத்திரி பாட்டுக் கச்சேரி, விடியும் முன்பே நாதஸ்வரம், அது போதாதென்று இப்போது செண்டை மேளம். ஜெனரேட்டரை என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் வைப்பார்கள். மாப்பிள்ளை மாறுவார், பாட்டு மட்டும் மாறாது.

லாட்ஜ்காரர்கள் அதற்கும் மேல். வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வரும். பால் எடுக்கும் பம்பைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதால் டீக்கடையில் ஃப்ளாஸ்க்கோடு போய் நிற்பேன். எதைக் கேட்டாலும் ரிசப்ஷனில் இருக்கும் வைரக்கண்ணு நிமிராமலே, "ஆள் வருது மேடம்" என்பார். ஒரத்தநாட்டில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் புகார் எடுப்பது என் வேலை. நானே தினமும் சொல்கிற பதில் அது. யாரும் வரப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கணவர் செழியன் முதலில் கூடவேதான் இருந்தார். அப்புறம் அறுவடை மெஷின் எங்கள் வயல் பக்கம் வந்துவிட்டது. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. இந்த முறையை விட்டால் சம்பா முழுக்கச் சாய்ந்துவிடும். நான் வேண்டாம் என்றால் போகவில்லை என்றார். போகச் சொன்னேன். அவர் போன பிறகு, கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லையே என்று அழுதேன்.

பால் குறைந்துகொண்டே வந்தது. தூக்கமும் இல்லை, வாய்க்குப் பிடித்த சாப்பாடும் இல்லை. அன்று நான் கொண்டுபோனது பாட்டிலின் அடியைக்கூட மறைக்கவில்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் பவுடர் பால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நர்ஸ் பிரகதீஸ்வரி சொன்னார். குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலே மருந்து என்று சொன்னவரும் அவர்தான். அவனுக்கு நான் தரக்கூடியது அது ஒன்றுதான். அதையும் தரமுடியாத என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கீழே மேளம் வெளுத்து வாங்கியது. வந்த ஆத்திரத்தில் தலையைக்கூடச் சீவாமல் இறங்கி மண்டபத்துக்குப் போனேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாள், நான் வாயைத் திறப்பதற்குள் கையில் கல்கண்டைத் திணித்தார். தான் பெண்ணுக்கு அத்தை மங்களாம்பிகை என்று சொல்லிக்கொண்டே, "இவ்ளோ லேட்டாவா வர்றது? பந்தி போட்டாச்சு, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் பக்கத்து லாட்ஜில் இருந்து வருகிறேன் என்றேன். தெரியுமே, நம்ம ஆட்களுக்கெல்லாம் அங்கேதானே ரூம் போட்டிருக்கிறோம் என்றார். இவரிடம் எங்கிருந்து சண்டை போடுவது? இலையில் பொங்கலும் வடையும் விழுந்தன. சூடாக இருந்தன. வெட்கத்தை விட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டாவது தரம் பொங்கல் கேட்டபோது, பக்கத்து இலைக்காரியின் மடியில் இருந்த கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அத்தனை மேளத்துக்கு நடுவில் எனக்கு அந்த அழுகை மட்டும்தான் கேட்டது. மார்பு கனத்தது. குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்து புடவை வரைக்கும் ஈரம்.

கேசரி வாளியோடு வந்த மங்களாம்பிகை அதைப் பார்த்துவிட்டார். வாளியை வைத்துவிட்டுத் தன் தோளில் கிடந்த துவாலையை எனக்குப் போர்த்தினார். குழந்தை எங்கே என்று கேட்டார். எதிர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டியில் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"எந்திரிம்மா. ஓடு. இலைய நான் எடுத்துக்கிறேன்."

எச்சில் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பம்ப் லாட்ஜ் அறையிலேயே கிடந்தது. பிரகதீஸ்வரி என்னைக் கை கழுவ வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு என் மகன் குடித்ததெல்லாம் என் பால்தான்.