பிறந்த வீட்டுக் கோடி

சந்தனம்மாள் செத்தது இரண்டாயிரத்து இருபதாம் வருஷம் சித்திரை ஏழாம் தேதி, திங்கட்கிழமை. இன்றைய தேதி வரை அவளை எடுக்கவில்லை. பரளச்சி ரோட்டில் இருந்து ஒத்தவீரன்பட்டிக்குப் பிரியும் தார்ப்பாதையின் வாயில், நட்டநடுவில், முக்காடு போட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். நாறவில்லை, ஊதவில்லை, ஈ மொய்க்கவில்லை. மழை பெய்தால் நனைகிறாள், வெயில் அடித்தால் காய்கிறாள். காரணம் பெரிய ரகசியமில்லை. வாக்கப்பட்டுப் போன பெண் செத்தால் கூடப் பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து தன் கையால் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்று அதற்குப் பெயர். கோடி விழாமல் பிணத்தை எடுக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்களுக்கெல்லாம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சந்தனம்மாளை எடுக்கவே முடியவில்லை.

அவள் புருஷன் மொக்கையன் திருப்பூரில் பனியன் கம்பெனி வாட்ச்மேன். அவள் அதே கம்பெனியில் பிசிர் வெட்டினாள். பங்குனியில் நாட்டை அடைத்தபோது கம்பெனியையும் பூட்டினார்கள்; கம்பெனி கொடுத்திருந்த தகர அறையையும் காலி பண்ணச் சொன்னார்கள். பதினேழு வருஷம் ராத்திரி முழிப்புக்கு முதலாளி கொடுத்தது ஒரு மூட்டை அரிசியும், பத்திரமாப் போங்க என்கிற வார்த்தையும். அரிசியைச் சுமக்க முடியாமல் பாதியைப் பல்லடத்திலேயே விட்டார்கள். மொக்கையனுக்குச் சொந்தபந்தம் என்று யாரும் இல்லை. "எங்க ஊருக்குப் போவோம். என் தம்பி பிரசிடெண்டா இருக்கான், நம்மள விட்டுருவானா?" என்று அவள்தான் சொன்னாள். பதினொரு நாள் நடந்தார்கள். தாராபுரத்தில் போலீஸ்காரன் மொக்கையன் முழங்காலில் அடித்தான். திண்டுக்கல் தாண்டி அவள் செருப்பு அறுந்தது. காரியாபட்டி சந்தை சுடுகாடு மாதிரிக் கிடந்தது. பாளையம்பட்டியில் டீக்கடைக்காரி ஒருத்தி பின்வாசல் வழியாக இட்லிப் பொட்டலம் நீட்டினாள். அத்தனை தூரத்திலும் மனுஷி என்று மொக்கையன் ஒத்துக்கொள்வது அவள் ஒருத்தியைத்தான்.

ஒத்தவீரன்பட்டிப் பாதையை ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேல முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். அந்த வருஷம் பல ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள். கிருமி என்ன ஆடா, முள்ளுக்குப் பயந்து திரும்பிப் போக? முள்ளுக்கு அந்தப் பக்கம் தம்பி மாரிசெல்வம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான், அவன் பின்னால் ஊர்க்காரர்கள்.

"அக்கா, அங்கனயே நில்லு. வெளியூர்ல இருந்து யாரு வந்தாலும் விடுறதில்லனு ஊர்க்கூட்டத்துல பேசியாச்சு."

"ஏலே செல்வம், நான் வெளியூராடா? காலு வெடிச்சுப்போச்சு. ஒரு செம்பு தண்ணியக் குடு, பெறகு பேசுவோம்."

முள் அள்ளுகிற கவைக்கம்பின் நுனியில் ஒரு செம்பை மாட்டி மாரிசெல்வமே முள்ளுக்கு மேலே நீட்டினான். கம்பு நீளம், நுனி தாழ்ந்தது. செம்பு கவிழ்ந்து தண்ணீர் தாரில் கொட்டிக் கொதித்தது. இன்னொரு செம்பு கொண்டுவா என்றதற்கு, விழுந்த செம்பை அவர்கள் தொட்டுவிட்டார்கள், இனி ஊரில் வேறு செம்பு கிடையாது என்கிற மாதிரிப் பேசிக் கலைந்து போனார்கள். சந்தனம்மாள் அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்தாள். மூன்று மணி வெயிலில், தலை சாயாமல் செத்துப்போனாள்.

மொக்கையன் தூக்கிப் பார்த்தான். சுண்டுவிரலைக்கூட நகர்த்த முடியவில்லை. வெள்ளை உடுப்புப் போட்டு நாலு பேர் ஆம்புலன்சில் வந்தார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, தூக்க முடியாமல் திரும்பினார்கள். செத்த மூன்றாம் நாள் அவளுக்கு நோய் இல்லை என்று மொக்கையன் போனுக்குச் செய்தி வந்தது. அருப்புக்கோட்டையில் இருந்து வந்த கிரேனுக்குச் சங்கிலி அறுந்தது. மண் அள்ளுகிற எந்திரத்துக்குக் கை மடங்கியது. "கோடி வரல. எப்படி எந்திரிப்பா?" என்றான் மொக்கையன். மாரிசெல்வம் வரவில்லை. தன் கையால் கோடி போட்டால், முள்ளுப் போட்டுக் கொன்றவன் நான்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று அவனுக்கு யாரோ சட்டம் சொல்லியிருந்தார்கள். ஆவணியில் ஆள் மூலமாக ஒரு சேலை கொடுத்துவிட்டான். விரித்துப் போட்டார்கள், ஒரு சாண் குறைந்தது. மதுரையில் எடுத்த ஒன்பது கெஜம் அனுப்பினான். அதுவும் ஒரு சாண் குறைந்தது. அதற்குப் பிறகு அவன் ஏகாலி வீட்டுக் கொல்லை வழியாக வயல் வரப்பில் ஊருக்குப் போய்வரப் பழகிக்கொண்டான்.

ஆவணிக் கடைசியில் அரசாங்கம் பஸ்ஸை விட்டது. நாடு முழுக்க அடைப்பு நீங்கியது, ஒத்தவீரன்பட்டிக்கு மட்டும் நீங்கவில்லை. முள்ளை ஊர்க்காரர்களே அள்ளினார்கள். ஆனால் சந்தனம்மாளைத் தாண்டி ஒரு சக்கரமும் உருளவில்லை. மனுஷன் நடந்து போகலாம், ஆடு மாடு போகலாம். மினி பஸ், டிராக்டர், சைக்கிள், பிள்ளைகள் ஓட்டுகிற டயர் வண்டி கூட அவளுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடும். மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போன வேன் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. பதினாறு பேருக்கு வேலை போயிற்று. மிளகாய் லோடு ஏற்ற வழியில்லாமல் களத்திலேயே சாயம் வெளுத்தது. தண்ணி லாரி வரவில்லை. உரமூட்டை வரவில்லை. நோயாளியைக் கட்டிலில் வைத்துச் சுமந்து வந்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் தாண்டிப் போகும்போது மொக்கையன் எழுந்து நிற்கமாட்டான். அள்ளிப்போட்ட முள்ளையே வெட்டி அடுக்கி, பாதையோரம் மூட்டம் போட்டுக் கரி எடுத்துக்கொண்டிருந்தான். புகை ஊருக்குள் அடிக்கிற திசை பார்த்துத்தான் மூட்டத்துக்கு வாய் வைப்பான். சாயங்காலம் பெண்டாட்டி முகத்தைத் துடைத்துவிட்டு, அன்றைக்கு ஊருக்குள் என்னென்ன கெட்டது நடந்தது என்று அவளிடம் ஒன்று விடாமல் சொல்லுவான். நாலு குடும்பம் ஊரைவிட்டே போனதைச் சொன்ன அன்றைக்கு அவனுக்குப் பசி நன்றாக எடுத்தது.

ஆனால் அந்த ஊர் சாகவில்லை. அதுதான் மொக்கையனுக்கு ஆறவில்லை. தண்ணி லாரி இல்லை என்றதும் நூறு நாள் வேலைக்காரர்கள் வேறு வழியில்லாமல் ஊருணியை நிசமாகவே தூர்வாரினார்கள்; இத்தனை வருஷம் மண்வெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான். உரம் இல்லை என்றதும் ராமநாதபுரத்துக் கீதாரிகளைக் கூப்பிட்டுக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டார்கள். டிராக்டர் இல்லை என்றதும் மாடு வாங்கினார்கள். மிளகாயை விட்டுக் குதிரைவாலி விதைத்தார்கள், அது தலைச்சுமையாகவே விலை போயிற்று. சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கினார்கள். மொக்கையனைப் பார்த்தே கரிமூட்டமும் கற்றுக்கொண்டார்கள். மில்லுக்குப் போன பெண்கள் பதினாறு பேரும் சேர்ந்து கரி ஏவாரம் பார்த்தார்கள். மூன்றாம் வருஷம் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டியது. நோய்க்காலத்தில் விழுந்து தானே எழுந்த ஊர் என்று பேப்பரில் போட்டார்கள். நிலைத்த வளர்ச்சி என்று ஒரு திட்டம், அதற்கு ஒரு விருது, விருதைத் தலைவர் மாரிசெல்வம் மெட்ராஸில் போய் வாங்க வேண்டும் என்று கடிதம் வந்தது. திட்டம் என்றால் முதலில் போர்டு வரும், பிறகு ஒன்றும் வராது. போர்டு வந்தது. அதில் மாரிசெல்வம் கும்பிட்டபடி சிரித்தான்.

"செத்தும் தம்பிக்குச் சம்பாதிச்சுக் குடுத்துட்டயேடி" என்று மொக்கையன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளை வைதான்.

ஐப்பசியில் விருதுக்கு முன்னால் ஊரைப் பார்க்க கிருஷ்ணப்ரியா என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜீப் நின்றது. இறங்கி நடந்தார். மாரிசெல்வம் மாலையோடு எதிரே வந்தான்; மூன்றரை வருஷத்தில் அவன் அந்த இடத்துக்கு வந்தது அன்றுதான்.

"ரோட்டு நடுவுல இந்த அம்மா யாருங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரோ அனாதைங்க மேடம். மூளை சரியில்ல. எங்கிட்டோ இருந்து வந்து குந்திக்கிருச்சு."

மொக்கையன் மூட்டத்துப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கையில் அரிவாள் இருந்தது. அவன் அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் வரவில்லை. அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்து, மாரிசெல்வத்தைப் பார்த்து, "நீங்க யாரு? தலைவர் எங்க?" என்றார். அவன் சிரித்தான். கூட வந்த துணைத் தலைவரும் அவனைப் பார்த்து, "ஆமா, யாருய்யா நீ? மாலையக் குடு இங்கிட்டு" என்றார். மத்தியானம் வீட்டுக்குப் போனான். பெண்டாட்டி முருகேஸ்வரி வாசலில் மறித்து, "அவுக வெளிய போயிருக்காக. வந்தபெறகு வாங்க. செத்த தள்ளி நின்னு பேசுங்க" என்றாள். ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தான், இல்லை என்றது. போர்டில் கும்பிட்ட கை மட்டும் இருந்தது, மேலே முகம் இருந்த இடம் வெளுத்திருந்தது. சின்ன ஊர், யாருக்கு எத்தனை பல் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஊரில் அவன் யாரோ ஆகிவிட்டான். ஏழு நாள் ஒவ்வொரு வாசலாக நின்று தன் பெயரைச் சொன்னான். இரக்கப்பட்டுக் கஞ்சி ஊற்றினார்கள்.

எட்டாம் நாள் எங்கேயோ கூலிக்கு மண் சுமந்து ஒரு நூல் சேலை எடுத்துக்கொண்டு வந்து சந்தனம்மாள் முன்னால் நின்றான். வேடிக்கை பார்க்க ஊரே பின்னால் வந்தது. அவனை அடையாளம் தெரிந்தவன் உலகத்தில் மொக்கையன் ஒருத்தன்தான். அது அவன் பார்வையிலேயே தெரிந்தது.

"மச்சான், ஒங்களுக்குத் தெரியுதுல்ல? தெரியுது மச்சான், கண்ணு சொல்லுது. நான் செல்வம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். கோடியப் போத்திருவேன். அக்காவ என் தோள்லயே ஊருக்குள்ள தூக்கிட்டுப் போறேன். எங்க அப்பா பக்கத்துலயே பொதைப்போம் மச்சான்."

முருகேஸ்வரி முன்னால் வந்தாள். "அண்ணே, இந்த ஆளு ஒங்க மச்சான்னு சொல்லுறாரே, நெசமாண்ணே?"

மொக்கையன் சந்தனம்மாளைப் பார்த்தான். மூன்றரை வருஷமாக அவள் உட்கார்ந்தே இருந்தாள். அவள் படுக்க வேண்டும் என்பது ஒன்றைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் பாதையோரத்தில் தூங்கினான். ஒரு பெயரைச் சொன்னால் அவள் படுத்துவிடுவாள். அந்தப் பெயரோ, வாய் வரைக்கும் வந்து கசந்தது. பெண்டாட்டி முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று வெகுநேரம் பார்த்தான். அவள் எப்போதும் போல ஊரைப் பார்த்தபடி இருந்தாள்.

"எனக்கு மச்சான்னு ஒருத்தன் இருந்தான் தாயி. கொரோனாவுல போயிட்டான்."

"நம்ம ஊருல அதுல யாரும் சாகலையேண்ணே."

"ஒருத்தன் செத்தான். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்." பிறகு அவன் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டான்: "தம்பிக்கு எந்த ஊரு?"

அந்த ஆள் சேலையை விரித்துப் போர்த்தினான். ஒரு சாண் குறைந்தது. அன்னியன் போட்ட துணி கோடியாகாது. கூட்டம் கலைந்தது. மொக்கையன் மூட்டத்துக்கு மண் அணைத்துவிட்டு, இரண்டு ஆள் சோறு தின்றான். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவளிடம் சொல்ல அவனுக்கு எந்தச் சேதியும் இல்லை.

தலைவர் வெளியூர் போனவர் வரவில்லை என்று எழுதி, துணைத் தலைவர் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பாதையை வளைத்துப் போட்டால் சக்கரம் உருளும் என்று சர்வேயர் முதல் வருஷமே சொல்லியிருந்தார். வளைக்க வேண்டிய மிளகாய்க்காடு மாரிசெல்வத்துடையது, அவன் கொடுக்கவில்லை. இப்போது பட்டாவை எடுத்துப் பார்த்தார்கள். பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. புறம்போக்கு என்று எழுதி ரோடு போட்டார்கள். ரோட்டுக்குக் கல் சுமந்தவர்களில் பெயர் தெரியாத அந்த ஆளும் ஒருவன். வேலை சுத்தமாகச் செய்கிறான் என்று மேஸ்திரி சொன்னார். காலை ஏழு ஐம்பது டவுன் பஸ் சந்தனம்மாளை வலது கைப்பக்கம் விட்டுத் திரும்புகிறது. டிரைவர் அந்த இடத்தில் ஹாரன் அடிப்பதில்லை. தூரத்து ஆட்கள் யாராவது புதிதாக ஏறினால், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள்.