ஜொராவா என்றால் என்ன?

கார் விற்கிற கடையில் அவருக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. காலையில் கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால், சாயங்காலம் ஷட்டர் பாதி இறங்கிய பிறகும் யாராவது ஒரு வாடிக்கையாளரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் போன மழைக்காலத்தில் ஒருநாள், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, கை மரத்துப்போய் பிரஷ் நழுவி விழுந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காலும் மெல்ல வழிக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அவர் மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். "இது தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டே வாய் வலித்துப்போய் வீட்டுக்கு வந்தால், இவர் கடைக்கதையை ஆரம்பிப்பார். "கொஞ்ச நேரம் அந்த வாய்க்கு லீவு விடுங்களேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம்கூட அவளுக்குப் பொறுக்கவில்லை. நம் வாய்முகூர்த்தம்தான் பலித்துவிட்டதோ என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் தைரியசாலி. "வார்த்தை எங்கேயும் போயிடலேக்கா. உள்ளேதான் இருக்கு, வழி அடைச்சிருக்கு. நாம படத்தைக் காட்டி ஆப்பிள், பூனைன்னா அவருக்கு என்ன ஆசை வரும்? அவருக்குப் பிடிச்ச விஷயத்தை நாலு பேர் வந்து பேசட்டும். அவரா வாயைத் திறந்தா மட்டும் நடுவிலே புகுந்து எடுத்துக் கொடுத்துடாதீங்க" என்றாள்.

பிடித்த விஷயம் என்றால் கார். அதிலும் ஜொராவா. அவர் கையால் அதிகம் விற்ற வண்டி அதுதான். அதன் பின்கதவில் வெள்ளி எழுத்தில் பெயர் பதித்திருக்கும். எந்த நாட்டுப் பெயரோ, முதல் எழுத்திலேயே தகராறு. ஒருத்தர் 'ஜ' என்பார், இன்னொருத்தர் 'ய' என்பார், 'ஹ' என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு.

அவள் கணவரின் போனை எடுத்து, பழைய வாடிக்கையாளர்களில் அடிக்கடி நலம் விசாரித்துக்கொண்டிருந்த மூன்று பேரைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் வந்துவிட்டார்கள். பல் டாக்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர் வெறுங்கையோடு வந்து, அதற்காக ரொம்ப நேரம் வருத்தப்பட்டார். பேக்கரி நடத்துகிற அம்மா ஒரு பெட்டி நிறைய பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். ரேடியோ ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூவரையும் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தார்.

டீ வந்தது. என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "உங்ககிட்ட வாங்கின யொராவா இன்னும் சிங்கம் மாதிரி ஓடுது."

"ஹொராவா" என்றார் கப்பல்காரர், டீயை ஊதிக்கொண்டே.

"இல்லே சார், யொராவா. பழைய மொழிச் சொல்லு அது. 'குறையில்லாத வரிசை'ன்னு அர்த்தம். இவரேதான் எனக்கு விளக்கிச் சொன்னாரு. அந்த அர்த்தம் பிடிச்சுப்போய்த்தானே என் கிளினிக்குக்கே யொராவா பல் மருத்துவமனைன்னு பேர் வெச்சேன்!"

கப்பல்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "வரிசையாவது மண்ணாவது! ஹொராவாங்கிறது தெற்குக் கடல்லே அடிக்கிற காத்து. வீட்டுக்குத் திரும்புற கப்பலைப் பின்னாலேருந்து தள்ளிக் கொண்டுவருமாம். நான் கடல்லேயே பாதி ஆயுசைக் கழிச்சவன், நானே கேள்விப்படாத காத்து. இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

இருவரும் ஒரே நேரத்தில் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவளுக்குப் புரியத் தொடங்கிவிட்டது. அட பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டாள்.

பேக்கரி அம்மா பிஸ்கட் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஜொராவான்னுதான் சொன்னாரு" என்றாள் அந்த அம்மா, மெதுவாக. "அந்தக் காரை வரைஞ்சவரோட சம்சாரம் பேராம். முதல் வண்டி வெளியே வர்றதுக்குள்ளே அந்தம்மா போய்ச் சேர்ந்துட்டாங்களாம். அதான் எல்லா வண்டியிலேயும் அவங்க பேரை எழுதி ஊரெல்லாம் ஓட விட்டாராம். எங்க வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் அது. கடைக்குச் சரக்கு கொண்டுபோக வண்டி வேணும்னு வந்தவ, அதைக் கேட்டுட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்."

கப்பல்காரர் டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு, "கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டா எது நிஜம்னு தெரிஞ்சிடும்" என்றார்.

"யா..." என்றது ஜன்னல் பக்கத்துக் குரல்.

நால்வரும் திரும்பினார்கள். ரேடியோவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நல்ல கை நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தது. அவள் எழுந்து ஓடப் பார்த்தவள், பயிற்சிப் பெண் சொன்னது நினைவு வந்து அப்படியே நின்றாள். அவராகவே சொல்லட்டும்.

"யாரு...க்கும்... தெரி...யாது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் டாக்டருக்கு வேறு கவலை.

"தெரியாதா? அப்ப என் போர்டு?" என்று அவர் பாதி எழுந்துவிட்டார். "வர்ற பேஷண்ட் எல்லார்கிட்டேயும் அர்த்தம் சொல்லியிருக்கேனே!"

"உட்காருங்க டாக்டர்" என்றாள் பேக்கரி அம்மா. "உங்ககிட்ட பல்லைப் பிடுங்கிட்டுப் போறவங்க அர்த்தத்தைப் பத்தியா யோசிக்கப் போறாங்க?"

கப்பல்காரருக்குப் புரை ஏறிவிட்டது. டாக்டரும் கடைசியில் சிரித்துத் தொலைத்தார். அவள் மட்டும் பேக்கரி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவருக்கு வாய் சும்மா இருக்காது. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு" என்றாள்.

அந்த அம்மா பிஸ்கட் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். காலையிலே வண்டியை எடுக்கும்போதெல்லாம் அந்தம்மாவை ஒரு தடவை நினைச்சுக்குவேன். நாளைக்கு எடுக்கும்போது என்ன நினைப்பேன்னு தெரியலே." பிறகு ரேடியோவைப் பார்த்து, "நான் உள்ளே வந்தப்ப வண்டியைக் காட்டி, இந்த ஜொராவா என்ன விலைன்னு கேட்டேன். உடனே 'ஜொராவா, சரியாச் சொன்னீங்க'ன்னீங்க. ஞாபகம் இருக்கா தம்பி?" என்றாள்.

"என்கிட்டேயும் அதேதான் சொன்னாரு!" என்றார் கப்பல்காரர்.

யார் எப்படிச் சொன்னாலும் அவருக்கு அதுதான் சரி. அதற்குத் தோதாகக் கதையும் அந்தந்த முகத்தைப் பார்த்துப் பிறந்திருக்கிறது. ரேடியோ நல்ல கையை மார்பில் வைத்து அந்த அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்தார். பேக்கரி அம்மா ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். விஷயம் அதோடு முடிந்தது.

எல்லாரும் போன பிறகு அவள் டம்ளர்களைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் ஆளுக்கொரு கதை. கட்டினவளுக்கு ஒண்ணும் கிடையாதா?"

அவர் நெடுநேரம் தேடினார். "நீ... கேக்கலே."

அதுவும் உண்மைதான். அந்தப் பெயர் காதில் விழுந்து விழுந்து, அதற்கு ஒரு அர்த்தம் இருக்கக்கூடும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. "சரி, இப்ப கேக்கறேன். ஜொராவான்னா என்ன?"

அவர் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கடைக்குள் புதிதாக நுழைகிறவர்களை அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ஒரு... பொண்ணு" என்றார். அப்புறம் வார்த்தை வரவில்லை. கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

"பறந்தாளா?"

தலையை ஆட்டி மறுத்தார். மறுபடியும் கை ஏறி இறங்கியது.

"மாவு பிசைஞ்சாளா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பின் நடுவிலே வார்த்தையும் வந்தது. "குதிரை!"

மறுநாள் பயிற்சிப் பெண் வந்தபோது, அவர் மனைவி படச்சீட்டுகளை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். அன்றைக்குக் குதிரைக்கு நிறம் கிடைத்தது. அதற்கடுத்த நாள் ஒரு காடு வந்தது. பிறகு ஒரு ஆறு வந்து வழியை மறித்தது. 'படகு' என்ற சொல் மட்டும் என்ன செய்தும் வரவில்லை. பயிற்சிப் பெண் பொறுக்காமல் "ப..." என்று எடுத்துக் கொடுக்கப் போனாள். அவள் கையமர்த்தி நிறுத்தினாள்.

அந்த வாரம் முழுக்கக் குதிரை ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அவர் எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள்.