கம்ப்யூட்டர் யோசித்த ஐந்து விநாடி

கிளப்பில் சனிக்கிழமைதோறும் நாலு பேர் பிரிட்ஜ் சீட்டாடும் மேஜையில் ஒரு நாற்காலி காலி. டாக்டர் ஊட்டிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் அருள்மேரி. இன்னொன்று, கம்ப்யூட்டர்.

அந்த மேஜையில் ஆடும் சுவாமிநாதனின் தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய சாதனம் அது. பார்க்க டைப்ரைட்டரின் தலையை மட்டும் வெட்டி வைத்தது போலிருந்தது. கிளப் டி.வி.யில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைச் சுழலவிட்டால், பூனையை மிதித்த மாதிரி ஐந்து நிமிடம் கத்திவிட்டு, பிரிட்ஜ் ஆடும்.

"இதுவே நாலாவது ஆளா இருக்கட்டும். டீ கேக்காது, லேட்டா வராது" என்றார் செயலாளர் அலெக்சாண்டர்.

"நானும் லேட்டா வர மாட்டேன் சார்" என்றாள் அருள்மேரி. நாயுடுபுரத்தில் அவளோடு ஆடிய மூன்று டீச்சர்களும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட, ஆறு மாதமாக அவள் தனியே சீட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிரிட்ஜ்ல பேசக் கூடாதும்மா. ஒனக்குப் பேசுறதே சோலி" என்றார் அலெக்சாண்டர்.

"பேசுறது நீங்க சார். நான் லைனு குடுத்துட்டுச் சும்மா இருப்பேன்."

மேஜையின் மூன்றாவது ஆள், பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் சேனாதிபதி சிரித்துவிட்டார். "மோத விட்டுருவோம்ங்க. ஜெயிச்ச ஆளுக்கு நாற்காலி!"

ஏழு ஆட்டம். சீட்டைப் போடுவது மெஷின். அருள்மேரி தன் கையையும், எதிரே இருக்கும் கூட்டாளியின் சீட்டான எதிர்க்கையையும் ஆட வேண்டும். இடதும் வலதும் மெஷின்; அது சீட்டு இறக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். நாலு கையும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால் ஒரு பிடி; எத்தனை பிடி எடுப்பேன் என்று முதலில் சொன்னாளோ, அத்தனையும் எடுத்தால் அவளுக்கு ஜெயம்.

முதல் மூன்றும் மெஷினுக்கு.

"வெரசா முடிஞ்சிரும் போலிருக்கே" என்றார் அலெக்சாண்டர்.

அருள்மேரி திரையைக் கூட அதிகம் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நாலாவது அவளுக்கு. ஐந்தும். ஆறும்.

அலெக்சாண்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏழாவது ஆட்டம். இன்னும் மூன்று பிடி பாக்கி, மூன்றுமே வேண்டும். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் சீட்டில் அவளிடம் ஆஸ், ஜாக்கி, பத்து. எதிர்க்கையில் ராஜா, ஒன்பது, நாலு. பெரிய சீட்டில் காணாமல் போனது ராணி ஒன்றுதான். இடது கையிலா, வலது கையிலா? தப்பாகத் தேடினால் நாற்காலி போச்சு.

ஜாக்கியை இறக்கினாள்.

டக்! இடது கை உடனே மூன்றைப் போட்டது.

அவள் எதிர்க்கையின் ராஜாவை வைத்து அந்தப் பிடியை எடுத்தாள்.

"ஐயோ, ராஜாவ வீணாக்கிட்டியே! ராணி இடது பக்கந்தான் கெடக்கும்!" என்றார் அலெக்சாண்டர்.

எதிர்க்கையிலிருந்து நாலு. இப்போது வலது கையின் முறை.

திரை அசையவில்லை. ஒன்று... இரண்டு... ஐந்து விநாடி. பிறகு ஆறு விழுந்தது. அருள்மேரி ஆஸைத் தொடவில்லை. பத்தை வைத்தாள். பிடி அவளுக்கு. கடைசியில் ஆஸ் இறங்க, வலது கையிலிருந்த ராணி தானாக வந்து விழுந்தது.

"எப்பிடிம்மா?" என்றார் சுவாமிநாதன்.

"படச்சீட்டு இருந்தா போடலாமா வேணாமான்னு யோசிக்குதுங்க. இல்லேன்னா ஒடனே போட்டுருது. மூணு ஆட்டம் தோத்து அதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இருவது வருசமா மொகம் தெரியாத ஆளுங்க கூடத்தான் எனக்கு வேல. அவங்க சும்மா இருக்குற நேரத்துலதான் சங்கதியே இருக்கும்."

சேனாதிபதி கைதட்டினார். சுவாமிநாதன் கேசட்டை உருவி எடுத்து, மேஜையில் நிஜச் சீட்டைக் கலைத்தார். டாக்டரின் நாற்காலியில் அருள்மேரி உட்கார்ந்தாள். அலெக்சாண்டரின் இடப்பக்கம்.

அவள் தலையைச் சாய்த்தாள்.

அலெக்சாண்டருக்கு வியர்த்தது. ஒரு விநாடி தாமதித்தாலும் தன் கையில் இருப்பதைப் படித்துவிடுவாளே! சேனாதிபதி கிளாவர் எட்டை இறக்கியதுதான் தாமதம், அலெக்சாண்டர் கண்ணை மூடிக்கொண்டு படாரென்று ஒரு சீட்டை அடித்தார்.

டைமன் ராஜா. கையில் கிளாவர் இருந்தால் கிளாவருக்குக் கிளாவர்தான் போட வேண்டும்.

"சார், கிளாவர் ஒங்க கையில இருக்குல்ல?" என்றாள் அருள்மேரி. "யோசிச்சே போடுங்க சார். நான் காதத் திருப்பிக்கிறேன்."